நட்டு போல்ட்டு போட்ட கொட்டகை

வெல்டிங் கூடவே கூடாது என்று ஜாவ்-தி சொன்னபோது ஆ-கின் பாக்கை மென்றுகொண்டே சிரித்தான். யுன்லின் மாவட்டத்தில் இருபது வருடமாக இரும்புக் கொட்டகை போடுகிறவன் அவன். இப்படி ஒரு பேச்சை அவன் கேட்டதில்லை.

"என்னக்கா, கொட்டகையா போடுறோம், விளையாட்டுச் சாமானா? பத்துத் தூணு. வெல்டு வச்சா ஒரு வாரத்துல முடிச்சிருவேன். போல்ட்டுன்னா தகடு வெட்டணும், ஒவ்வொண்ணுக்கும் ஓட்டை போடணும்."

"வெட்டு. போடு. உனக்கு எங்க வலிக்குது?"

"எனக்கு ஒண்ணும் வலிக்கல. வெல்டு வச்சா புயலு அசைக்காதுன்னு சொல்ல வந்தேன்."

"நான் புயலுக்குப் பயப்படல."

"அப்ப யாருக்குப் பயப்படுற?"

ஜாவ்-தி தரையைப் பார்த்தாள். தரையில் தானே போட்டு வைத்திருந்த சுண்ணாம்புக் கோட்டில் ஓரிடம் அழிந்திருந்தது. குனிந்து அதைச் சரி செய்தாள்.

அவளுக்குச் சொல்ல விருப்பமில்லை என்றால் நான் சொல்கிறேன். அவளுக்குத் தன் தம்பியிடம் பயம். அவனுடைய சிரித்த முகத்துக்குப் பயம்.

ஜாவ்-தி என்றால் 'தம்பியை அழைத்து வா' என்று பொருள். பெற்ற பெண்ணுக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று கேட்காதீர்கள், அவள் பிறந்த காலத்தில் தெருவுக்கு இரண்டு ஜாவ்-தி இருந்தார்கள். அழைத்தாள், மூன்றாம் வருடம் வந்தான். அவனுக்குக் குவாங்-சுங் என்று பெயர் வைத்தார்கள், குலத்துக்கு ஒளி என்று பொருள். பெயர் வைக்கும்போதே ஒருத்திக்கு வேலை, ஒருத்தனுக்குப் பெருமை. குலத்தின் ஒளி தைச்சுங் நகரத்துக்குப் போய்க் கார் விற்க ஆரம்பித்தது. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அந்த ஒளி போனில் மட்டும் தெரிந்தது.

ஜாவ்-தியின் புருஷன் அப்போது இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கடலோரத்தில் எதுவும் விளையாத ஒரு மணல் துண்டை அவள் பெயரில் விட்டுப் போயிருந்தான். அதை அப்படியே போட்டுவிட்டு அவள் அப்பா வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வருடம் அப்பாவைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், இடையில் அவர் நிலத்தில் பூண்டு போட்டாள். அப்பா இறந்த ஏழாம் நாள் சடங்கில் தம்பி ஒரு காகிதத்தை நீட்டினான்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கா. உன் முத்திரையைக் குடு, நானே குத்திக்கறேன். நிலம் எங்க போயிடும்? நீதான உழப்போற?"

சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிய காகிதம் அது. கட்டிக்கொடுத்த பெண் முத்திரை கொடுக்காமல் இருந்தால் இந்த ஊர் என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். பூசணி விதை கொறித்துக்கொண்டே வாய் வலிக்கிற வரை பேசும். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, கையெழுத்துக்குப் பதிலாக அங்கே குத்துகிற தன் பெயர் முத்திரையை எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு மை ஈரம் காயும் முன்பே அவன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். அந்தச் சிவப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு எரிகிறது. அவன் மேல் பாதி எரிச்சல், தன் மேல் பாதி.

பிறகு போன வருடம் மழை வந்தது. பிடுங்கிய பூண்டை வயலிலேயே காயப் போட்டிருந்தாள். மூன்று நாள் விடாத மழை. பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே அத்தனையும் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. ஒரு வருட உழைப்பைக் கால்வாயில் கொட்டினாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், கொட்டகை போட்டே தீருவது என்று. தம்பிக்குப் போன் செய்தாள்.

"நம்ம நிலம்தானக்கா, தாராளமாப் போட்டுக்க."

"ஒரு தாள்ல எழுதிக் குடுடா. கொட்டகை என்னுதுன்னு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கூடப்பொறந்தவன்கிட்ட எழுதி வாங்குவியா? ஊரு சிரிக்கும்க்கா!"

கூடப்பிறந்தவளிடம் எழுதி வாங்கிய வாய் அது! ஜாவ்-தி போனை வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆ-கின் பட்டறைக்கு நடந்தாள்.

அப்படித்தான் போல்ட்டு வந்தது. தூணின் அடித்தகட்டில் நான்கு, உத்தரம் சேரும் இடத்தில் ஆறு. நீளவாட்டில் இரண்டு பக்கமும் திறப்பு, அப்போதுதான் வடகாற்று பூண்டுக்குள் புகுந்து போகும். லாரி பின்பக்கமாக உள்ளே வருகிற உயரம். எல்லாம் அவள் போட்ட கணக்கு. உச்சி உத்தரம் ஏற்றிய அன்று அதில் சிவப்புத் துணி கட்டி, வரப்பிலிருக்கும் மண்தெய்வத்துக்குப் பழமும் ஊதுபத்தியும் வைத்தாள். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். பெருவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

இந்த வருடமும் மழை வந்தது. தகரத்தின் மேல் அது அடித்த அடியில் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சுகூடக் கேட்கவில்லை. கட்டுக் கட்டாகத் தொங்கிய பூண்டுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து ஜாவ்-தி மழையைக் கன்னாபின்னாவென்று திட்டினாள். அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரலில் கல்லறை சுத்தம் செய்யும் நாளுக்குத் தம்பி வந்தான். கூடவே வெள்ளை ஷூ போட்ட ஒரு ஆள். அப்பா கல்லறையில் புல் செதுக்கியது அக்கா, ஊதுபத்தியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டது தம்பி. வீட்டுக்கு வந்து, நிலக்கடலைப் பொடி தூவி அவள் சுருட்டிக் கொடுத்த ரொட்டியில் மூன்றைத் தின்றான். வெள்ளை ஷூக்காரன் கொட்டகைக்குப் போய்த் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"நல்ல கெட்டி. இதுவும் சேர்த்துத்தான?"

"பின்ன? நிலத்துல நிக்கறது நிலத்தோடதான்" என்றான் குவாங்-சுங், வாயில் ரொட்டியோடு.

ஜாவ்-தி சட்டுவத்தைக் கீழே வைத்தாள். "என்னடா சொல்ற?"

"விக்கறேன்க்கா. மாசக் கடைசில பத்திரம். அதுக்குள்ள உன் பூண்டை எடுத்துக்க. வீட்டைக் காலி பண்ண அவரு இன்னும் மூணு மாசம் டயம் குடுக்கறாரு. நல்ல மனுஷன்."

"கொட்டகை என்னுது."

"உன்னுதுதான், யாரு இல்லேன்னா? அதுக்குன்னு தகரத்தைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டா போவ?"

வெள்ளை ஷூக்காரன் சிரித்தான். தம்பியும் சிரித்தான். அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, தட்டைத் தூக்கி அவன் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. தட்டில் மீதி இருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கோழிக்குப் போட்டாள்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் நின்றாள். "ஆ-கின், ஸ்பேனரை எடு."

விஷயத்தைக் கேட்டதும் ஆ-கின் பாக்கைத் துப்பினான். "அடப்பாவி! அதுக்குத்தான் போல்ட்டா? நான் ஒரு மடையன், உன்னைப் பார்த்துச் சிரிச்சேனே!" கூலி பேசாமலே ஆட்களைக் கூட்டி வந்தான். மூன்று நாள். முதலில் தகரம், பிறகு உத்தரம், பிறகு தூண். ஒவ்வொரு நட்டையும் ஜாவ்-தியே எண்ணிப் பூண்டுச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

பத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு தம்பி வந்து பார்த்தான். வெறும் சிமெண்டுத் தரை. கால் வைக்கிற இடமெல்லாம் போல்ட்டு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கடைசித் தூண் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பா நிலத்தை இப்படி மொட்டையடிச்சிட்டியேக்கா! வாங்கறவருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அப்பா நிலத்துக்கு என் முத்திரை வாங்கின. கொட்டகைக்கு வாங்கலியே."

"தம்பிங்கற பாசம்கூட இல்லியா உனக்கு?"

"இருந்துது. ஏழாம் நாள் அதையும் மடிச்சுப் பைக்குள்ள வச்சியேடா!" லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஆ-கின் வண்டியை எடுத்தான்.

கடலோர மணல் துண்டில் புதிதாக அடித்தளம் போட்டு, அதே தூண், அதே உத்தரம், அதே சிவப்புத் துணியோடு கொட்டகை எழுந்தது. மூலையில் அவளுக்குக் கட்டிலும் அடுப்பும் போடத் தடுப்பு வைத்தார்கள். இனி குத்தகை வயலில் பூண்டு போட்டு, எட்டுக் கல் தொலைவு ஏற்றி வரவேண்டும். அதை நினைத்து அவளுக்குக் கோபம் வந்துகொண்டேதான் இருந்தது. கடைசிப் போல்ட்டை முறுக்கிவிட்டு ஆ-கின் ஏணியிலிருந்து இறங்கினான்.

"இங்க காத்து அதிகம்க்கா. இந்த இடம் யாரு பேருல?"

"என் பேருல."

"உன் பேருல மட்டுமா?"

"என் பேருல மட்டும்தான்."

ஆ-கின் வண்டியிலிருந்து வெல்டிங் பெட்டியை இறக்கினான். "அப்ப வைக்கட்டுமா?"

ஜாவ்-தி தூணில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"வை. ஒரு மூலை விடாம வை."