காய் விட்ட வகுப்பு

நேற்று என் மகள் பள்ளி விட்டு வீடு வரவில்லை. தேடி அலைந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பேருந்து நிலையத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தோம். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பின் வாட்ஸப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்களாம். வகுப்பிலும் யாரும் முகம் கொடுக்கவில்லையாம். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. "இனிமே இஸ்கூலுக்குப் போவ மாட்டேம்மா" என்றாள். இன்று காலை அவள் சீருடையை அலச எடுத்தேன். முதுகெல்லாம் புதுச் சுண்ணாம்பு.

அந்த வாடை இருக்கிறதே, அது என்னை நேராக எங்கள் பள்ளி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. கோகோ ஆட்டத்துக்குக் கோடு போட நாங்களே வாளியில் சுண்ணாம்பு தூக்கிப் போவோம். பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவு என்றால் எங்களுக்கு அது ஒரு தனி நாடு. வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற முறை, கரும்பலகைக்குக் கரியும் கோவை இலையும் அரைத்துப் பூச முறை, பொங்கல் கோலத்தில் 'பி' பிரிவை மண்ணைக் கவ்வ வைப்பது என்று படிப்பைத் தவிர எல்லாவற்றிலும் நாங்கள்தான் முதலிடம்.

அந்த ஆண்டு கோகோ இறுதி ஆட்டமும் 'பி' பிரிவோடுதான். துரத்துகிறவள் ஓடத் தொடங்கிய திசையிலேயே ஓட வேண்டும், நடுவில் திரும்பக் கூடாது. நான் திரும்பினேன். திரும்பியது மட்டுமா, எதிராளியைத் தொட்டுவிட்ட பெருமையில் கைதட்டிக் குதிக்கவும் செய்தேன். டீச்சர் விசில் ஊதினார். தோற்றோம்.

மறுநாள் வகுப்பே என் எதிரில் வந்து நின்று, சுண்டு விரலை நீட்டிக் காய் விட்டது. பத்தாம் வகுப்புப் பெண்கள் காய் விடுவார்களா என்று சிரிக்காதீர்கள். விடுவோம். காய் விட்டவளிடம்தான் பேசக் கூடாது. அவள் காதில் விழும்படி வேறு எதனிடமாவது பேசலாம்.

"ஜன்னலே, ஒருத்திக்குக் கொழம்பு பத்தலன்னா என் டப்பாலேர்ந்து எடுத்துக்கச் சொல்லு" என்றாள் எங்கள் வகுப்புத் தலைவி செல்வி.

கருணையா கேலியா தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அடுத்த நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். இனி பள்ளிக்கே போவதில்லை என்று முடிவு.

மாலையில், சாயத் தண்ணீர் ஓடும் கால்வாயைத் தாண்டித் தாண்டி ஒரு கூட்டமே வந்தது. செல்வி வாசலில் நின்ற அப்பாவின் சைக்கிளைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏ சைக்கிளு, இந்த வூட்ல யாரோ ஜொரம்னு படுத்துக்கினு இருக்காங்களாமே? அங்க கன்னு காஞ்சிக்கினு இருக்குது. யாரு முறையாம்?"

"கிரவுண்டுல கண்டபடி ஓடத் தெரியுது, இஸ்கூலுக்கு நேரா ஓடத் தெரியலயாமா?" என்றாள் இன்னொருத்தி, சைக்கிள் மணியை அடித்து.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். "ஏம்மா, காபி உங்களுக்கா, சைக்கிளுக்கா?"

போர்வைக்குள் இருந்த நான் சிரித்துவிட்டேன். செல்வி உள்ளே வந்து, வெடுக்கென்று இரண்டு விரலை நீட்டினாள். பழம். தொட்டேன். கோபம் தீர்ந்தா வந்தார்கள்? இல்லை. கோபத்தோடேதான் வந்தார்கள்.

இன்று என் மகள் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளி விடும் நேரத்திலிருந்து வாசலிலேயே நிற்கிறேன். சீருடைப் பெண்கள் ஆட்டோ ஆட்டோவாக, தலை குனிந்து கைப்பேசியைப் பார்த்தபடி எங்கள் வீட்டைக் கடந்து போகிறார்கள். சண்டை போடுவதற்காகவாவது ஒருத்தி இறங்க மாட்டாளா என்றிருக்கிறது.