சித்தப்பா தலையும் என் வில்லும்

எனக்குப் பத்து வயது முடிவதற்குள் என்னை மூன்று முறை திருமலைக்குக் கூட்டிப்போய் மொட்டையடித்துவிட்டார்கள். ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. முதல் மொட்டை நான் பிறந்ததற்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது, நைனா வாங்கிய புது விசைத்தறியின் மோட்டார் தொந்தரவில்லாமல் ஓடுவதற்கு. மூன்றாவது, அக்கா பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் பாஸானதற்கு. பாஸ் அவளுக்கு, மொட்டை எனக்கு. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் எங்கள் நகரியில் இதை யாரும் அநியாயமாக நினைப்பதில்லை. வேண்டிக்கொள்பவர் ஒருவராகவும் தலையைக் கொடுப்பவர் வீட்டிலேயே சின்னவராகவும் இருப்பது வழக்கம். அடுத்தவர் தலையைச் சாமிக்கு எழுதி வைப்பதில் தப்பே கிடையாது என்று நம்பி நான் வளர்ந்தது இப்படித்தான்.

அம்மாவுக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. அக்காவுக்கு மஞ்சள்காமாலை வந்து தேறியபோது, அலிபிரியிலிருந்து நடந்தே படியேறி வருகிறேன் என்று ஏழுமலையானிடம் சொல்லியிருந்தாள். நாலு வருஷம் ஆகியும் ஒரு படி ஏறவில்லை. நைனா ஞாபகப்படுத்தினால், "அவரு எங்க போய்டப் போறாரு? அங்கயேதான நின்னுக்கினு இருக்காரு" என்பாள்.

இப்போது சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனாவின் தம்பி. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை மாலை வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அவர் சொத்து இரண்டு: ஒன்று தலைமுடி, இன்னொன்று அதற்கான சீப்பு. வீடு தீப்பிடித்தாலும் வகிடெடுத்துவிட்டுத்தான் வெளியே வருவான் என்று நைனா சொல்வார். அந்தச் சித்தப்பாதான் நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டுக்குள் அந்தப் போன் விளையாட்டைக் கொண்டுவந்தார்.

நாலு பேர் சேர்ந்து ஒரு ராட்சச மிருகத்தை வேட்டையாடும் விளையாட்டு. கேடயம் பிடித்து அடி வாங்குவது சித்தப்பா. சம்மட்டியால் மண்டையில் போடுவது அக்கா. அவள் அப்போது பாலிடெக்னிக். தூரத்தில் நின்று அம்பு விடுவது நான், அம்மாவின் போனில். நாலாவது ஆள் சித்தப்பாவோடு கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அக்கா. திருப்பதி ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டு விளையாடுவாள், குரல் மட்டும் ஸ்பீக்கரில் தெலுங்கில் வரும். அவள் கையில் ஒரு பெரிய ஊதல். அதை ஊதினால் பக்கத்தில் நிற்பவர்களுக்குப் போன உயிர் திரும்ப ஏறும். அதனால் அவளுக்கு ஊதல் அக்கா என்று பெயர் வைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தறிகள் நின்றிருக்கும். மத்தியானம் சோறு தின்றுவிட்டு மூன்று பேரும் பாயில் உட்காருவோம். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து மறுநாள் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள்.

அந்த விளையாட்டின் சட்டத்தில் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு. நாலு பேரில் யார் விழுந்தாலும் அது எல்லோர் தலையிலும் ஏறும். மொத்தமாக மூன்று முறை விழுந்தால் வேட்டை அம்போ, வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஆனால் மிருகம் செத்த பிறகு கிடைப்பது மட்டும் அவரவருக்குத் தனி. ஆளுக்கொரு கத்தியோடு போய் மூன்று முறை அறுக்கலாம். ஒருவருக்குத் தோல் வரும், ஒருவருக்குப் பல் வரும். வந்ததை மற்றவருக்குக் கொடுக்க முடியாது. விழுந்தால் பங்காளி, விளைந்தால் யாரோ.

எனக்கு வேண்டியது கொம்பன் என்கிற மிருகத்தின் நெற்றிக்கல். சிவப்பாக, கோலிக்குண்டு அளவில் இருக்கும். அது கிடைத்தால்தான் என் பழைய வில்லை அடித்துப் புது வில்லாக்க முடியும். இரண்டு கொம்பையும் உடைத்து, அதற்குப் பிறகு கொன்று அறுத்தால் நூற்றுக்கு இரண்டு தடவை அந்தக் கல் வரும் என்று அக்கா எங்கோ படித்துச் சொன்னாள். கொல்லாமல் பொறி வைத்து உயிரோடு பிடித்தால் பரிசாகவே இன்னும் கொஞ்சம் அதிகமாக வருமாம், ஆனால் அறுக்க முடியாதாம். கொல்வதா பிடிப்பதா என்று அக்காவும் சித்தப்பாவும் சட்டசபை மாதிரி சண்டை போடுவார்கள். கொன்றும் பார்த்தோம், பிடித்தும் பார்த்தோம். சித்தப்பாவுக்கு நாலு கல் வந்தது. அக்காவுக்கு இரண்டு. எனக்கு முப்பது வேட்டையிலும் தோல், தோல், மறுபடி தோல். சித்தப்பா தன் நாலு கல்லையும் என் கண்ணெதிரிலேயே விளையாட்டுக் கடையில் விற்று ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்று நான் சாப்பிடவில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. ஊதல் அக்கா நியாயமாக ஊதமாட்டாள். எப்போது பார்த்தாலும் சித்தப்பா பக்கத்திலேயே நிற்பாள். அவருக்கு லேசாகக் கீறல் விழுந்தாலே ஊதல் சத்தம் கேட்கும். நான் அந்தக் கோடியில் செத்துக்கொண்டிருப்பேன், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

"கேடயக்காரன் வுழுந்தா எல்லாரும் காலிடி, அதான் ஊதறாங்க" என்று அக்கா விளக்கம் சொல்வாள். எனக்கு அதில் சமாதானம் இல்லை. அம்மா ஒருத்திதான் என் கட்சி. நூல் சுற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணு இன்னிக்கும் இவன்கிட்டயேதான் நிக்குதா?" என்று கேட்பாள். ஆமாம்மா, என்னைக் கண்டுகொள்வதேயில்லை என்று நான் முறையிடுவேன். அம்மா தலையாட்டிக்கொள்வாள். ஒருநாள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, "தின்னாவாம்மா?" என்றுகூடக் கேட்டாள். என்னைப் பட்டினி போட்டவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறாளே என்று எனக்கு ஒரே கோபம்.

இதற்கு நடுவில் நைனா சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். குடிபாலாவில் ஓர் இடம் அமைந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, சொந்தத்தில் சொந்தம், அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. நைனா சந்தோஷமாக இருந்தார். சித்தப்பா அந்த வாரம் சீப்பையே தொடாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணக் கவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேட்டையில் முதல் இரண்டு முறை விழுந்தவள் நான்தான். இன்னொரு முறை யார் விழுந்தாலும் எல்லாம் முடிந்தது. ஒரு கொம்பு உடைந்திருந்தது. எனக்கு உயிர் நூலளவுக்கு இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊதல் அக்கா என்னிடம் வரமாட்டாள், ஆனால் சித்தப்பாவை விட்டுப் போகவும் மாட்டாள். ஓடிப்போய்ச் சித்தப்பாவின் முதுகோடு ஒட்டி நின்றுகொண்டேன். ஊதல் சத்தம் கேட்டது. எனக்கும் உயிர் ஏறியது. வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் தந்திரம் அது. அங்கேயே நின்று அம்பாக விட்டேன். அக்கா இரண்டாவது கொம்பை உடைத்தாள். கொம்பன் மல்லாந்தது.

கத்தியோடு போனேன். முதல் அறுப்பு, தோல். இரண்டாவது, தோல். மூன்றாவதுக்கு முன்னால் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஏழுமலையானே, கல்லைக் கொடு, தலை கொடுக்கிறேன். என் தலையில் அப்போதுதான் பின்னல் போடும் அளவுக்கு முடி வந்திருந்தது. மொட்டை என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டிலேயே அதிக முடி யாருக்கு என்று யோசித்தேன். சித்தப்பா தலை, என்று முடித்துவிட்டு அறுத்தேன்.

சிவப்பாக வந்தது.

பாயை விட்டுத் துள்ளி எழுந்து, "கல்லு வந்துட்ச்சி! சித்தப்பாவுக்கு மொட்டை!" என்று கத்தினேன். தெருவில் பேசிக்கொண்டிருந்த நைனா உள்ளே வந்துவிட்டார். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டார்கள், சொன்னேன்.

நைனாதான் முதலில் சிரித்தார். குழந்தை ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது, கல்யாணம் முடிந்து மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மா கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள்.

"சாமி விஷயத்துல இன்னா வெளையாட்டு? வேண்டிக்கினா உடனே செஞ்சிடணும். தள்ளிப்போட்டா கண்ணைக் குத்திடும். புதன்கெழமையே போய் எறக்கிடலாம்."

"ஞாயித்துக்கெழமை குடிபாலா போவணும். மொட்டத் தலையோடவா பொண்ணு பாக்கறது?"

"முடி மொளைக்கட்டும், போலாம். பொண்ணு ஓடியா போய்டும்?"

நைனா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, "சரிங்கண்ணி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வில்லுக்காகச் சித்தப்பாவின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன். அழுதுகொண்டே போய், சாமியிடம் மாற்றிச் சொல்லிவிடுகிறேன், என் தலையையே கொடுத்துவிடுகிறேன் என்றேன். பின்னலைக்கூட அவிழ்த்துக் காட்டினேன். சித்தப்பா பதறிப்போய், "வேணாம் வேணாம், என்னுதே போவட்டும்" என்றார். பையிலிருந்த சீப்பை எடுத்து என் கையில் வைத்து, "மூணு மாசம் நீ வெச்சிரு" என்று கன்னத்தைத் தட்டினார். இவ்வளவு நல்ல மனுஷருக்கா இப்படிச் செய்தோம் என்று இன்னும் பெரிதாக அழுதேன்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வந்த சித்தப்பா, அம்மா, நான் மூவரும் புத்தூர் வழியாகத் திருப்பதி போய் மலைக்குப் பஸ் ஏறினோம். அலிபிரியில் ஜனங்கள் கற்பூரம் ஏற்றிவிட்டுப் படியேறத் தொடங்குவது தெரிந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

மேலே டோக்கனும் பிளேடும் கொடுத்தார்கள். சித்தப்பாவின் முடி பத்து நிமிஷத்தில் ஈரத் தரையில் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தரிசனம் முடிந்து கீழே திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, சுடிதார் போட்ட ஒல்லியான ஒருத்தி கையில் ஒரு தொப்பியோடு நின்றிருந்தாள். குரலைக் கேட்டதும் ஊதல் அக்கா என்று தெரிந்துவிட்டது. சந்தனம் பூசிய அந்தத் தலையைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வகிடு கோணலாக இருக்கிறது என்று சொன்னாலே இரண்டு நாள் பேசாத சித்தப்பா, பரிசு வாங்கியவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அம்மா, "பூ வாங்கிக்கினு வரேன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய், இரண்டு முழம் பூவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசினாள்.

கிளம்பும்போது ஊதல் அக்கா என்னிடம் குனிந்து, "வில்லு நுவ்வேனா?" என்று, வில்லுக்காரி நீதானா எனத் தெலுங்கில் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு ஊதாத கணக்கு அப்படியே இருந்தது.

முடி முளைப்பதற்குள் குடிபாலாப் பெண்ணுக்கு வேலூரில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் ஞாயிறுதோறும் சித்தப்பாவின் தலையில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டேன், சீக்கிரம் வளர்ந்தால் வேறு பெண்ணாவது கிடைக்குமே என்று. பிறகு ஒருநாள் வீட்டில் ஊதல் அக்காவின் பேரைச் சொல்லிப் பெரிய சத்தம். வேற ஜாதி, வேற பாஷை என்று நைனா கத்தினார். நம்ம கரண்டு பில்லே தெலுங்குலதான வருது, பாஷைக்கு இன்னா என்றாள் அம்மா. நைனா இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் மாதம், அந்தப் பெண்ணுக்குப் புடவை எந்த நிறத்தில் நெய்யலாம் என்று அம்மாவிடம் கேட்டார்.

கல்யாணத்தன்றும் எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. மொட்டையடித்த மாப்பிள்ளைக்கு வேறு யாரும் பெண் கொடுக்கவில்லை, பாவம் பார்த்து ஊதல் அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு பெரிய மனசு உள்ளவளோடு பழைய கோபம் எதற்கு என்று மேடைக்கு ஏறிப் போனேன்.

"எனக்கு ஊதாததெல்லாம் பரவால்ல. நான் கெடுத்த கல்யாணத்த நீயாவது செஞ்சிக்கினியே" என்றேன். நெற்றியில் கட்டிய பாசிகப் பட்டம் கழன்று விழும் அளவுக்குச் சிரித்தாள். சித்தப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வில்லை நான் ஏழு வேட்டைதான் பிடித்தேன். பிறகு அம்மாவின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து வில்லும் அதோடு போனது. ஊதல் ஏன் எப்போதும் சித்தப்பா பக்கமே ஊதியது என்பது நான் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே புரிந்துவிட்டது. எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். சித்தப்பாவின் தலையில் இப்போது சாமிக்குக் கொடுக்க அதிகம் இல்லை. பேச்சோடு பேச்சாகச் சித்தி அம்மாவிடம், "அக்கா, அலிபிரிப் படி எப்போ ஏறப்போறீங்க? நானும் கூட வரேன்" என்றாள்.

அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏறலாம் ஏறலாம். அவரு எங்க போய்டப் போறாரு?"

நான் கையில் எடுத்த சோற்றோடு அவளையே பார்த்தேன். அந்தப் புதன்கிழமைக்கு மட்டும் என்ன அவசரம் வந்தது இவளுக்கு?

"இன்னாடி அப்டி பாக்கற? துன்னு" என்றாள் அம்மா. அவள் வேண்டுதலுக்கு இது பன்னிரண்டாவது வருஷம்.