அறுபத்தெட்டு முறை திறந்த வால்வு

வெர்னா ஸ்டப்பிள்ஃபீல்டு பற்றித் தொழிற்சாலையின் பணிக்குறிப்பு இப்படிச் சொன்னது: "மூன்றாம் நிலை எழுத்தர். சோதனை அட்டைகளைத் தட்டச்சு செய்து கோப்பில் சேர்ப்பார். தொழில்நுட்ப விஷயங்களில் முடிவெடுக்கும் திறன் தேவையில்லை." எழுதியவர் வெர்னாவைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கடைசி வரிக்கு முன் கொஞ்சம் தயங்கியிருப்பார்.

சான் டியேகோவில் அது 1960ஆம் ஆண்டு. அங்கே தயாரான ஏவுகணை, கண்டம் தாண்டிப் போய் ஒரு நகரத்தை இல்லாமல் ஆக்குவதற்காகப் பிறந்தது. இப்போது அதன் நுனியில் குண்டுக்குப் பதில் ஓர் ஆளை உட்காரவைத்து விண்வெளிக்கு அனுப்புவது என்று மேலிடத்தில் தீர்மானித்திருந்தார்கள். புதிதாக ஒன்றைச் செய்ய நேரமில்லை. இருப்பதில் நல்லதைப் பொறுக்கித் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். வழியில் கோளாறு வந்தால் குண்டு புகார் சொல்லாது. ஆள் விஷயம் அப்படியில்லை.

ஆகவே ஆள் ஏறும் ஏவுகணைக்குத் தேர்வான ஒவ்வொரு பாகத்திலும், தலைக்கவசம் போட்ட மனிதனின் படம் உள்ள மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். கோப்பு முழுமையான பிறகு அதை ஒட்டுவது வெர்னாவின் வேலை. அது இல்லாமல் பாகம் வாசலைத் தாண்டாது.

எரிபொருள் வால்வுகளில் பதினேழாம் எண், போர்மேன் ஆர்வல் ப்ரூவிட்டின் செல்லம். முதல் சோதனையிலேயே அது காட்டிய சுறுசுறுப்பில் அவர் மயங்கிவிட்டார். ராணுவ அதிகாரி வந்தாலும், செனட்டர் வந்தாலும், குடும்ப தினத்தன்று ஊழியர்களின் மனைவிமார் வந்தாலும், சோதனை மேடையில் வாயுவைச் செலுத்தி ஒருமுறை திறந்து காட்டுவார். 'டக்'கென்று ஒரு சத்தம். எல்லோரும் கைதட்டுவார்கள். திறந்த ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும் என்பது விதி. விதியை மதிப்பவர் ஆர்வல், ஒன்றுவிடாமல் எழுதினார். வெர்னா ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்தார். மொத்தம் எத்தனை என்று கூட்டச் சொல்லும் கட்டம் மட்டும் எந்த அட்டையிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம், டூனா சாண்ட்விச்சைக் கடித்தபடி, வெர்னா கூட்டினார்.

"வெர்னா, பதினேழுக்கு இன்னும் ஸ்டிக்கர் ஒட்டலையா? லாரி வெளியே நிக்குது."

"நிக்கட்டும், அதுக்கென்ன கால் வலிக்கவா போகுது? ஆர்வல், இந்த வால்வை அறுபத்தெட்டு தடவை திறந்திருக்கீங்க."

"பாத்தியா! அறுபத்தெட்டும் பாஸ். கலிபோர்னியாவுலயே இப்படி ஒரு வால்வு கிடையாது."

"அதிகபட்சம் அம்பதுன்னு வரைபடத்துல போட்டிருக்கே. ஏவுகணையில இது ஒரே ஒரு தடவைதானே திறக்கப் போகுது."

"அதெல்லாம் சும்மா போடுறது. வேணும்னா இன்னொரு தடவை திறந்து காட்டவா?"

"அதைத்தான் வேண்டாங்கறேன்."

ஆர்வலின் காது சிவந்தது. "உன் வேலை என்ன, தட்டறதும் ஒட்டறதும்தானே?"

"தட்டியாச்சு. ஒட்டலை."

சத்தம் கேட்டு வால்வுகளுக்குப் பொறுப்பான இன்ஜினியர் நைகார்ட் வந்தார். மூச்சுவிடுவதற்குக்கூடக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர். அட்டைகளை ஒருமுறை எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஆனா பிரிச்சா இது அப்புறம் பறக்காது. உள்ளே நல்லா இருந்துதுன்னா, இருக்கறதுலயே நல்ல வால்வைப் பாழாக்கினது நீங்கதான்னு எழுதுவாங்க. பரவாயில்லையா?"

வெர்னாவுக்கு அது இருபத்திரண்டு வருட வேலை. ஸ்டிக்கரில் இருந்த சின்ன மனிதனைப் பார்த்தார். அவனுக்கு முகம்கூட வரையவில்லை.

"பிரிங்க," என்றார்.

ஆர்வல் யாரையும் தொடவிடவில்லை. தானே பிரித்தார். உள்ளே எரிபொருள் கசியாமல் அடைக்கும் வளையத்தின் விளிம்பு ஒரு பக்கம் சீவியெடுத்ததுபோல் மெலிந்து, ஒரு நார் பிய்ந்து தொங்கியது. அடுத்த தடவையும் திறந்திருக்கலாம். மூடியிருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஆர்வல் முப்பத்தொன்றாம் எண் வால்வுடன் வந்தார். யாருக்கும் காட்டாமல் அலமாரியில் கிடந்தது அது, பதினோரு அட்டைதான். "இது சுமார் வால்வு," என்றார், மனசுக்குப் பிடிக்காத வீட்டில் பெண் எடுக்கிறவர் முகத்தோடு.

"சுமாரா இருந்தாப் போதும். நுனியில உக்காரப் போறவரு கைதட்டறதுக்கா வர்றாரு?"

ஆர்வலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. லாரி நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. வெர்னாவின் கோப்பில் அந்தத் தாமதத்துக்கு ஒரு கண்டனக் குறிப்பு சேர்ந்தது. அதையும் அவர்தான் தட்டச்சு செய்தார், ஒரு பிழை இல்லாமல்.

வெர்னா செய்தது இவ்வளவுதான்: அறுபத்தெட்டு அட்டைகளை எண்ணினார், ஒரு ஸ்டிக்கரை ஒட்ட மறுத்தார்.