சரசம்மா ஊற்றாத மருந்து

ஓசூர் சோதனைக்கூடத்தில் மாதேஸ்வரிக்கு மெஷின்காரி என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான்; அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. நாகரசம்பட்டிப் பக்கத்து மாந்தோப்புகளில் கூலிக்கு மருந்தடிக்கும் சரசம்மாவின் மகள், எந்தத் தோப்புப் பழத்தில் எந்த மருந்து என்று சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் மண்டைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது.

அவளுடைய மெஷின் மூலக்கூறுகளை எடைபோடும். அதற்கு அவற்றைத் திரவத்திலிருந்து வெளியே எடுத்து மின்னேற்ற வேண்டும். வெறுமனே கொதிக்கவிட்டால் பல மருந்துகள் சிதைந்துவிடும். அதனால் திரவத்தை மெல்லிய ஊசி வழியே, உயர் மின்னழுத்தத்தில், மூடுபனி போன்ற துளிகளாகப் பீய்ச்சுவார்கள். சூடான வாயு துளிகளை உலர்த்த, அவை சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் மூலக்கூறு முழுசாக, மின்னேற்றத்தோடு உள்ளே போகும். பாலாடையைக் கிழியாமல் எடுப்பது போன்ற வேலை. நுழைவாயிலில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் போச்சு. மூலக்கூறு வேகமெடுத்து வாயுவில் மோதி உடைந்துவிடும்.

இது மாதேஸ்வரிக்குத் தெரியாததல்ல. ஆனால் அது மாம்பழ சீசன். பழச்சர்க்கரை நுழைவாயிலில் அப்பி, சிக்னல் மங்கிக்கொண்டே வந்தது. கழற்றிக் கழுவ நேரமில்லை. மின்னழுத்தத்தை ஏற்றினாள், மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வர ஒவ்வொரு மாதிரிக்கும் கொடுக்கும் நேரத்தையும் குறைத்தாள். சிக்னல் வந்தது. கூடவே கோவிந்தப்பன் தோப்புப் பழத்தில், தடைசெய்யப்பட்ட மருந்து ஒன்றும் வந்தது.

மாங்கூழ் ஆலை கோவிந்தப்பனின் லாரியைத் திருப்பி அனுப்பியது. அவர் ஆலை வாசலிலேயே கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்தார், அந்த மருந்தை வாங்கவே இல்லை என்று. அவர் வாங்கவில்லை என்றால் எங்கிருந்து வந்தது? எல்லார் கண்ணும் மருந்தடித்த சரசம்மா மேல் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்த மகளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"எந்த டப்பாம்மா எடுத்து ஊத்துன?"

"அவரு குடுத்ததத்தான் கண்ணு. வேற எதயும் தொடலயே."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. உனக்குப் படிக்கத் தெரியுமா? மாத்தி ஊத்திருப்ப."

"படிச்ச புள்ள நீ சொன்னா அப்பிடித்தான் இருக்கும்" என்று சரசம்மா எழுந்தாள். நேராகக் கோவிந்தப்பன் வீட்டுக்குப் போய், தெருவே பார்க்க அவர் காலில் விழுந்தாள். இனி தோப்புப் பக்கம் வராதே என்றார் அவர்.

அடுத்த வாரம் கருவியைச் சரிபார்க்க, மாதேஸ்வரி அந்தத் தோப்பில் அடிக்கிற, அனுமதிக்கப்பட்ட மருந்தை மட்டும் சுத்தமாக ஓட்டினாள். திரையில் தடைசெய்யப்பட்ட மருந்து எழுந்து நின்றது. மின்னழுத்தத்தைக் குறைத்தாள், மறைந்தது. ஏற்றினாள், வந்தது. நல்ல மருந்து வாயிலில் உடைந்து, அதன் துண்டு கெட்ட மருந்தின் எடையில் இருந்திருக்கிறது. நேரத்தைக் குறைத்ததால் இரண்டும் வருகிற நேரமும் ஒன்றாகிப்போயிருந்தது. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்றே ஊருக்குப் பஸ் ஏறினாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. நாந்தான் மெஷின தப்பா ஓட்டிட்டேன்."

அம்மா திட்டுவாள், அழுவாள் என்று நினைத்திருந்தாள். சரசம்மா போய்க் கதவைச் சாத்தினாள்.

"வெளிய சொல்லிக்காத. வேல போயிரும். நான் விழுந்தது விழுந்ததுதான், அப்பிடியே இருக்கட்டும்."

அப்பாடா என்று இருந்தது மாதேஸ்வரிக்கு. ஒரு மூச்சு நேரம்தான். அந்த நிம்மதி தனக்கு வந்ததே என்று நினைத்தபோது பூமிக்குள் புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு கோவிந்தப்பன் வீட்டுக்கு நடந்தாள். தெருவில் நின்று, எல்லார் காதிலும் விழச் சொன்னாள். மறுநாள் மேலாளர் தீர்த்தகிரியிடமும் சொன்னாள். அறிக்கை ரத்தானது, அவளை மெஷினிலிருந்து எடுத்து, மாதிரி வாங்கும் மேசையில் போட்டார்கள்.

கோவிந்தப்பன் சரசம்மாவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். அவளும் போகிறாள். ஆனால் கடையில் சோப்புத்தூள் வாங்கினால்கூடப் பாக்கெட்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, "இது சோப்புத்தூளுதானுங்களே?" என்று கேட்கிறாள். போன ஞாயிறு உப்பு டப்பாவை மகளிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"உப்புதாம்மா. உனக்கே தெரியுமே."

"எனக்கென்ன கண்ணு தெரியும். நீ பாத்துச் சொல்லு."