காந்தம் ஒட்டாத டேங்க்

பைக் டேங்கில் ஒடுக்கு எடுக்கும் டிங்கருக்கு எதிர்க்கடைக்காரன் பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு வரும். நசுங்கிய இடத்தில் பட்டிப் பசையை அப்பித் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து, ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுவான் அவன். இவரோ பெட்ரோலை வடித்து, தண்ணீர் ஊற்றி அலசி, டேங்கின் வாய் வழியாக வளைந்த கம்பியை விட்டு, உள்ளேயிருந்து தகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். ஒரு ஒடுக்குக்கு ஒரு நாள் போய்விடும்.

"புண்ணு மேல பவுடர் பூசுற பொழப்பு அது!" கழற்றிய டேங்கோடு வந்திருந்த வாடிக்கையாளரிடம் அன்றும் கத்தினார். "நிஜத் தகரம்னா காந்தம் ஒட்டணும், பட்டி மேல ஒட்டாது. இங்க பாருங்க!"

சட்டைப் பையிலிருந்த காந்தத்தை எடுத்துத் தன் சொந்த வண்டியின் டேங்கில் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியின் தம்பி நைசாக நழுவப் பார்த்தான். போன மாதம் வண்டியை இரவல் வாங்கிப் போனவன் அவன்தான்.

"நில்லுடா! எங்க போட்டு இடிச்சே?"

"சுவத்துல, மாமா."

"இடிச்சதுகூடப் போகட்டும். என் டேங்கை, போயும் போயும் அவன்கிட்டயா கொடுத்தே? என் மானத்தையே வாங்கிட்டியேடா!"

"உங்ககிட்ட சொன்னா ஊரைக் கூட்டுவீங்கன்னு பயந்துட்டேன்," என்றான் அவன். "ஆனா ஒரு மாசமா தினமும் நீங்கதானே மாமா அதைத் துடைக்கிறீங்க. உங்க கண்ணுக்கே தெரியலையே?"

வாடிக்கையாளர் தன் டேங்கைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு நடந்தார்.