காது குத்தியபோது அழாத மகள்

எங்கள் ஊரான சிம்பாங் ரெங்கம் கோயிலில், என் அண்ணன் மடியில் உட்கார வைத்து மகளுக்குக் காது குத்தினோம். ஊசி ஏறும்போதும் அழாமல் மாமன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப சமத்து லா உன் பிள்ளை!" என்றார் அண்ணன். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டாமல், ரத்தம் கசிந்த அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை அழவே இல்லையே என்று வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அழுதாலும் கவலை, அழலன்னாலும் கவலையா?" என்று சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, சூடான இஸ்திரிப் பெட்டியில் கையை வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வலியே தெரியாத அபூர்வக் குறைபாடு என்றார் மருத்துவர்.

இப்போது தினமும் குளிப்பாட்டும்போது அவள் உடம்பில் காயம் தேடுகிறேன். அந்தக் கைத் தழும்பில் என் விரல் நின்றுவிடும். அவளால் அழ முடியாத அழுகை, காது குத்திய அன்று எனக்கு மட்டும் கேட்டது. நான்தான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.