போன வருடத்துக் கண்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். சமயத்தில் இன்னொரு முறையும் வருவாள். அதனால் அண்ணன் சின்ன வயதிலேயே அவளுக்கு வைத்த பெயர் பூட்டு. கண் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

பயந்தவர்களுக்கு ஏற்ற வேலைதான் அது. நோயாளிகளின் கண்ணுக்குள் எடுத்த படங்களெல்லாம் மாடிப்படிக்குக் கீழே, ஏசி ஓடும் சின்ன அறையில் இருந்த சர்வரில் சேர்ந்துகொண்டே வரும். வேறு எது போனாலும் வாங்கிவிடலாம். போன வருடத்துக் கண்ணை இன்றைக்குப் படம் எடுக்க முடியாது. இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் படங்களின் நகல்கள் ஆள் தொடாமல் தாமாகவே இணையச் சேமிப்பிடமான கிளவுடுக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தாள். அங்கே யாராவது எடுத்துப் பார்த்துவிட்டால் என்ற அடுத்த பயத்தில், அவற்றை ஒரு ரகசியச் சாவியால் பூட்டியே அனுப்பினாள். சாவி என்றால் ஒரு சின்னக் கோப்பு, அவ்வளவுதான். அது இல்லாமல் அவளாலேயே எதையும் திறக்க முடியாது.

காலையில் ‘பேக்கப் முடிந்தது’ என்று மெயில் வரும். நெஞ்சு லேசாகும். அனுப்பியதில் ஒன்றையாவது திரும்ப எடுத்துப் பார்த்தாளா என்றால், இல்லை. வீட்டுப் பூட்டை விடாமல் இழுத்தவள் இதை ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. இழுத்தால் கையோடு வந்துவிடுமோ என்ற பயம்.

அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். வருடாவருடம் கண் பரிசோதனைக்கு அங்கேதான் வருவார். அன்று மாடி அறையில் அவளும் கூட நிற்க, அவருடைய படத்தைப் பார்த்த டாக்டரம்மா வெகுநேரம் நிமிரவில்லை.

“உள்ள ஒரு மச்சம் மாதிரி இருக்கு. போன வருஷம் பார்த்தவங்க எதுவும் எழுதி வைக்கல. அப்பவும் இதே அளவுன்னா பயமில்ல. வளர்ந்திருந்தா நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். பழைய படத்தைப் போடுங்க.”

“எனக்கு உடம்பெல்லாம் மச்சம்னு டிப்போவுல சொல்லுவாங்க டாக்டர். கண்ணு மட்டும் பாக்கி இருந்துச்சு போல,” என்றார் அண்ணன். யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார்.

பழைய படம் திறக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கீழே ஓடினாள். சர்வருக்குள்ளிருந்து நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். படங்கள் பதிந்திருந்த டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தது. கிளவுட் இருக்கிறதே என்று தன்னையே தேற்றிக்கொண்டு, பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அண்ணனுடைய படத்தைக் கீழே இறக்கினாள். வந்தது. வந்து, சாவி கேட்டது.

சாவி சர்வரில் இருந்தது. சர்வரில் மட்டும்தான் இருந்தது.

மேனேஜர் வந்து நின்றார். “என்னம்மா, மேல டாக்டர் கத்துறாங்க. ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன். எங்க வீட்டு டிவி அப்படித்தான் வழிக்கு வரும்.” சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க சார்!”

அவள் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

“நின்னா மறுபடி எழுந்திரிக்காது சார்.”

“எல்லாம் பத்திரமா கிளவுடுக்குப் போகுதுன்னு சொன்னீங்களே?”

“போகுது சார். திறக்கிற சாவி இதுக்குள்ள இருக்கு.”

அவர் அவளைப் பார்த்தார், சர்வரைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சாவிக் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுக்கச் சொன்னாள். படிக்க முடியவில்லை என்றது. மறுபடி சொன்னாள். சுரண்டல் நின்றது, அவள் மூச்சும் நின்றது. சுரண்டல் மறுபடி தொடங்கியபோது, அந்தப் பாழாய்ப்போன சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. நகல் விழுந்தது. பென்டிரைவைப் பிடுங்கி இந்தப் பக்கம் திரும்புவதற்குள், முதுகுக்குப் பின்னால் சர்வர் அடங்கிப்போனது.

பூட்டு திறந்தது. ஆரஞ்சு நிற வட்டமாக, போன வருடத்துக் கண். கிடைத்துவிட்டது என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் தோன்றாமல் அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். பழையதில் கடுகு அளவு. புதியதில், அதே இடத்தில், மிளகு.

“வளர்ந்திருக்கு. நல்லவேளை படம் கிடைச்சது. நாளைக்கே போங்க, கடிதம் தர்றேன்.”

வெளியே வந்ததும் அண்ணன், “ஏ பூட்டு, உன் மெஷின் இன்னும் கொஞ்ச நேரம் ரிப்பேராவே கிடந்திருக்கக் கூடாதா?” என்றார்.

“சும்மா இருங்கண்ணே. நாளைக்கு நானும் வரேன்.”

“நீ வந்தா அந்த ஆஸ்பத்திரிக் கதவையெல்லாம் இழுத்துப் பார்ப்பியே.” சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்தவர், என்றும் இல்லாத வழக்கமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் வீட்டைப் பூட்டினாள். இருவரும் தெருமுனை வரை நடந்தார்கள். அங்கே அண்ணன் நின்றார்.

“போய் இழுத்துப் பார்த்துட்டு வா. நான் நிக்கிறேன்.”

“வேணாம்ணே,” என்றாள். “பஸ் போயிடும்.”